இரண்டாம் குரல்

குருபாதம் வாத்தியார் என்னை
ஆல்டோ வரிசையில் நிறுத்தியபோது வயது பதினேழு.
தொண்டை கட்டியிருக்கிறது சார்,
அடுத்த வாரம் சரியாகிவிடும் என்றேன்.
இருபத்தாறு வருடமாகிறது
அந்த அடுத்த வாரத்துக்கு.

ஆல்டோ பாட்டுத்தான், ஆனால் பாட்டு இல்லை.
மெட்டு படியேறி மேலே போகும்போது
கீழே செருப்புக்குக் காவல் நிற்பது.
ஒரே சுரத்தில் ஏழு சொல்,
எட்டாவதில் அரைப்படி இறக்கம்.
அந்த அரைப்படியை விட்டுவிட்டால்
யாருக்கும் தெரியாது.
என்னவோ குறைகிறதே என்று மட்டும்
கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியும்.

ஊத்துக்குளி ரோட்டுப் பனியன் கம்பெனியில்
ஓவர்லாக் இரைச்சலுக்கு அடியில்
அதைத்தான் முனகிக்கொண்டிருப்பேன்.
"ஏன் கண்ணு, இது எந்தச் சாமி பாட்டு?" என்பாள்
கைமடிக்கும் பாவாத்தாள்.
மெட்டைப் பாடிக் காட்ட வாயெடுப்பேன்.
வராது.
எத்தனை முறை எடுத்தாலும் கீழேதான் வந்து விழும்.
"என்னமோ போ, தாலாட்டாட்டமிருக்குது" என்று
அடுத்த கட்டைப் பிரிப்பாள்.

மெட்டு பெர்சிஸுடையது.
பையனைக் கீபோர்டுக்குக் கீழே தூங்கவைத்துவிட்டு
மின்விசிறிக்கு நேர் கீழே வந்து நிற்பாள்.
அவள் எங்கே மூச்செடுக்கிறாள் என்று
நூல் அறாமல் கோன் மாற்றுகிற எனக்கே
கண்டுபிடிக்க முடிந்ததில்லை.
ஒரு கிறிஸ்துமஸுக்கு
எனக்கென்று சொன்ன தனிப்பாட்டு அவளுக்குப் போயிற்று.
நான்கு மாதம் பேசவில்லை.
பேசாமலே பக்கத்தில் நின்றோம்,
ஒரே புத்தகம், அவள் பக்கம் புரட்டுவாள்,
நான் சுவரைப் பார்ப்பேன்.

அந்தத் தவசு காலம் முழுக்க
மன்னிப்பைப் பற்றியே பிரசங்கம்.
ஒன்றும் ஆகவில்லை.
பிறகொரு ஞாயிறு, மூன்றாம் சரணத்தின் நெடுஞ்சொல்லில்
எனக்கு மூச்சு முட்டிற்று.
அவள் பிடித்துக்கொண்டாள், நான் எடுத்தேன்.
அடுத்த வரியில் நான் பிடித்தேன்,
அவள் எடுத்தாள்.
அதற்குப் பிறகும் பேசாமலிருக்க
வெட்கமாயிருந்தது.

பிரசங்கங்களில் நினைவிருப்பது மூன்றோ நாலோ.
பாடியது ஒன்றும் போகவில்லை.
சம்பளம் பிடித்த சனிக்கிழமை
சூப்பர்வைசரைத் திட்ட வாய் திறந்தால்
முன்னால் வந்து நிற்பது ஒரு சரணம்.
அதனால் நல்லவளாகிவிட்டேன் என்றில்லை.
திட்டினேன்தான்.
சரணம் முடிந்த பிறகு.

ஆடிக்காற்று அடிக்கிற ஒரு புதன்கிழமை
பெர்சிஸை இறக்கினோம்.
ஏற்றுமதி அவசரம், யாருக்கும் லீவு இல்லை,
கல்லறைத் தோட்டத்தில் பதினோரு பேர்.
பாடகர் குழுவில் நான் மட்டும்.
"ஒரு பாட்டு" என்று ஆயர் என்னைப் பார்த்தார்.
வாய் திறந்தேன்.
கீழ்க்குரல் வந்தது.

நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன்.
அதுவே வந்தது.
மேலே ஆளில்லாத கீழ்க்குரல்,
ஒரே சுரத்தில் ஏழு சொல்.
என்ன பாட்டென்று தெரியாமல்
எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள்.
எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது மீதி.
துப்பட்டா முகத்தில் அறைந்தது.
மண் தள்ளக் காத்திருந்தவர் மண்வெட்டியை
மெதுவாகக் கீழே வைத்தார்.

மூன்றாம் சரணத்தில் அந்த இடம் வந்தது.
பழக்கம்.
விட்டுவிட்டு மூச்செடுத்தேன்.
எடுத்த பிறகுதான் உறைத்தது
பிடிக்க ஆளில்லை என்று.

சொல் அறவில்லை.
குழியின் அந்தப் பக்கம்
அவள் பையன், உடைகிற குரல்,
மெட்டிலும் சேராமல் என்னோடும் சேராமல்
தப்பான ஒரு சுரத்தில்
கண்ணை மூடிக்கொண்டு
பிடித்துக்கொண்டிருந்தான்.

அவசரப்படாமல்
முழு மூச்சையும் எடுத்துக்கொண்டேன்.